அடகு வைத்த இரும்பு

அமாவாசை ராத்திரி மேல்மலையனூர் போயிருக்கிறீர்களா?

செஞ்சியிலிருந்து வடக்கே இருபது கிலோமீட்டர் போல இருக்கும். மற்ற நாட்களில் டீக்கடை பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம். அமாவாசை அன்று மட்டும் அதே பெஞ்சின் மேல் நாலு பேர் ஏறி நின்றுகொண்டிருப்பார்கள். நள்ளிரவு நெருங்கும்போது அங்காளம்மனுக்கு ஊஞ்சல் உற்சவம். தேங்காய் மூடியில், தட்டில், எலுமிச்சம்பழத் தோலில், வெறும் தரையில்... எங்கே பார்த்தாலும் கற்பூரம்.

கூட்டம் கலைந்த பிறகு பஸ்ஸுக்காகக் காத்திருந்தோம். என் மகள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோராம் வகுப்பு, சயின்ஸ் குரூப்.

"அப்பா, கற்பூரம் எரிஞ்ச இடத்துல ஒரு கறுப்புக் கறையைத் தவிர ஒண்ணுமே இல்ல பாருங்க. அதோ, பொங்கல் வெச்ச அடுப்புல மட்டும் ஒரு கூடை சாம்பல். ஏன்?"

நானோ பி.காம். பிளஸ் டூவில் கெமிஸ்ட்ரி படித்தேன் என்பது உண்மை. எவ்வளவு மார்க் என்பது எனக்கும் மார்க் ஷீட்டுக்கும் இடையிலான ரகசியம். "கற்பூரம் சுத்தமான வஸ்து, அதனால மிச்சம் வைக்காது" என்று கொஞ்சம் ஆன்மிகமாகச் சமாளித்துப் பார்த்தேன். சிரித்துவிட்டாள்.

"ரெண்டுமே ஆக்ஸைடுதாம்பா. ஒண்ணு பறந்து போற ஆக்ஸைடு. இன்னொண்ணு உக்காந்துக்கற ஆக்ஸைடு."

மயானக்கொள்ளை நடக்கிற ஊரில் சாம்பலைப் பற்றிப் பாடம் கேட்பதில் தப்பில்லை என்று சும்மா இருந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அவளுடைய புத்தகத்தை இரவல் வாங்கிப் படித்தேன். ஒரு ஆக்ஸைடு இன்னொரு ஆக்ஸைடுக்குத் தள்ளிவிட, கடைசியில் நான் போய் நின்ற இடம், நம் பழைய தென்னாற்காடு ஜில்லாவில் ஒரு இரும்பு உலை. அங்கிருந்து லண்டனில் ஒரு கோர்ட்டு. நடுவில் ஒரு மனிதரின் வாழ்க்கை.

கதைக்குள் போகுமுன் கொஞ்சம் கெமிஸ்ட்ரி. பயப்படாதீர்கள், எனக்கே புரிந்த கெமிஸ்ட்ரிதான்.

*

எரிவது என்றால் ஆக்ஸிஜனோடு சேர்வது. சேர்ந்தபின் கிடைப்பது ஆக்ஸைடு. கற்பூரத்தில் இருப்பவை கார்பனும் ஹைட்ரஜனும் துளி ஆக்ஸிஜனும். எரிந்தால் கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் மாறி மேலே போய்விடுகின்றன. விறகிலும் அதேதான் பெரும்பகுதி. ஆனால் மரம், மண்ணிலிருந்து கொஞ்சம் கால்சியம், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் உறிஞ்சி வைத்திருக்கிறது. இவை உலோகங்கள். இவற்றின் ஆக்ஸைடுகள் பறக்காது. அதுதான் சாம்பல். பிற்பாடு காற்றிலுள்ள கரியமில வாயுவையும் சேர்த்துக்கொண்டு கார்பனேட்டாக மாறும்.

ஏன் பறக்காது? உலோகம் தன் எலெக்ட்ரானை ஆக்ஸிஜனிடம் கொடுத்துவிடுகிறது. கொடுத்தவன் பிளஸ், வாங்கினவன் மைனஸ். பிளஸ்ஸைச் சுற்றி மைனஸ், மைனஸைச் சுற்றி பிளஸ் என்று அடுக்கடுக்காக, நாலா பக்கமும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒருத்தரை மட்டும் கழற்றி எடுக்க முடியாது. மக்னீசியம் ஆக்ஸைடு உருக 2,800 டிகிரிக்கும் மேலே சூடு வேண்டும்.

கார்பன் அப்படியில்லை. கொடுக்காது, பங்கு போடும். ஒரு கார்பன், இரண்டு ஆக்ஸிஜன், கணக்கு முடிந்தது. அந்த மூன்று பேருக்குள் பிடிப்பு பலம். ஆனால் பக்கத்து வீட்டு மூன்று பேரோடு பெரிதாக ஒட்டுறவு கிடையாது. எனவே வாயு.

நடுவில் ஒரு விதிவிலக்கு, சிலிக்கான். இதுவும் பங்கு போடுகிற ஜாதிதான். ஆனால் ஒவ்வொரு ஆக்ஸிஜனையும் இரண்டு சிலிக்கான்கள் பங்கு போட்டு, சங்கிலி எங்கேயும் முடியாமல் பின்னிப் போய்க்கொண்டே இருக்கும். அதுதான் மணல். செஞ்சிக் கோட்டை ராஜகிரியில் மூச்சு வாங்க ஏறுகிறோமே, அந்த மாதிரி கிரானைட் பாறையின் எடையில் சுமார் எழுபது சதவிகிதம் சிலிக்கான் ஆக்ஸைடு கணக்குதான். கார்பனுக்கு நேர் கீழே ஒரே ஒரு படி இறங்கியதும், காற்று பாறையாகிவிட்டது!

இப்போது அந்த மூன்றாவது வரிசையை மட்டும் இடமிருந்து வலமாகப் படியுங்கள். சோடியம், மக்னீசியம், அலுமினியம், சிலிக்கான், பாஸ்பரஸ், கந்தகம், குளோரின். முதல் இரண்டின் ஆக்ஸைடுகள் காரம். கடைசி மூன்றும் அமிலம். சிலிக்கானும் அமிலப் பக்கம்தான், ஆனால் சோம்பேறி. நட்டநடுவில் அலுமினியம், அமிலத்தோடும் சேரும், காரத்தோடும் சேரும். நம்மூர் அரசியலில் இதற்கு வேறு பெயர் உண்டு.

பாட்டி சாம்பலால் பாத்திரம் தேய்த்தாளே, அது இடப்பக்கத்துக் காரம், எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிடும். தீபாவளி மறுநாள் தொண்டையைக் கமறவைக்கும் வெடி நெடி, வலப்பக்கத்துக் கந்தக ஆக்ஸைடு. மெண்டலீவ் 1871-ல் தன் அட்டவணையை அச்சுக்குக் கொடுத்தபோது ஒவ்வொரு பத்தியின் தலையிலும் அந்தப் பத்திக்காரர்கள் எந்த விகிதத்தில் ஆக்ஸைடு ஆவார்கள் என்பதைத்தான் எழுதினார். தனிமங்களின் குலம் கோத்திரம் விசாரிக்க அவர் கையில் எடுத்த முக்கியமான கேள்வி அது. 'நீ ஆக்ஸிஜனோடு எப்படிச் சேர்வாய்?'

*

இனி எனக்குப் பிடித்த பகுதி. வரவு செலவு.

ஒரு தனிமம் ஆக்ஸிஜனோடு சேரும்போது பெரும்பாலும் சக்தியை வெளியே விடும். அதுதான் தீயின் சூடு. நான் இதை அடகுக்கடைக் கணக்காகப் பார்க்கிறேன். உலோகம் தன்னை ஆக்ஸிஜனிடம் அடகு வைத்து, கையில் வாங்கிக்கொள்ளும் ரொக்கம் அந்தச் சக்தி. பிற்பாடு உலோகத்தை மீட்க வேண்டுமென்றால், வாங்கின ரொக்கத்தைக் குறையாமல் திருப்பிக் கட்டியாக வேண்டும்.

எவ்வளவு ரொக்கம்? எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வைப்போம், 16 கிராம் ஆக்ஸிஜன். வெள்ளி அதோடு சேர்ந்தால் கிடைப்பது 31 கிலோஜூல். செம்பு சுமார் 170. இரும்பு சுமார் 275. மாங்கனீஸ் 385. சிலிக்கான் 455. அலுமினியம் 560. மக்னீசியம் 600. கால்சியம் 635. கடைசி எண் எவ்வளவு பெரிது என்றால், இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும். தங்கம்? அது ஆக்ஸிஜனிடம் அடகுக்கே போவதில்லை. மனிதர்களிடம்தான் போகிறது.

மூன்றாவது வரிசையையே மறுபடி பாருங்கள். சோடியம் 414-ல் ஆரம்பித்து மக்னீசியம் 600-ல் உச்சிக்குப் போகிறது. பிறகு இறக்கம்தான். அலுமினியம், சிலிக்கான், பாஸ்பரஸ் சுமார் 300, கந்தகம் 132. குளோரின் தன் ஆக்ஸைடாக மாற ரொக்கம் தருவதில்லை, நம்மிடமே கேட்கிறது. அதனால்தான் குளோரின் ஆக்ஸைடுகள் எப்போது வெடிக்குமோ என்று இருக்கும்.

இந்தப் பட்டியலில் இரண்டு எண்களை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு 275. மாங்கனீஸ் 385. இவற்றுக்கு நடுவே இருக்கும் 110 கிலோஜூலில்தான் நம் கதாநாயகன் ஜெயித்தான். தோற்றதும் அதை ஒட்டித்தான்.

*

அவர் பெயர் ஜோசையா மார்ஷல் ஹீத். மதராஸ் மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகஸ்தர். சேலத்தில் கமர்ஷியல் ரெசிடெண்ட், அதாவது கம்பெனியின் வியாபாரத்தைப் பார்த்துக்கொள்ளும் துரை.

சேலத்தில் இருந்துகொண்டு இரும்பைப் பார்க்காமல் இருக்க முடியாது. கஞ்சமலையில் கறுப்புக் கறுப்பாக மேக்னடைட் கிடக்கிறது. அதுவும் ஆக்ஸைடுதான். மூன்று இரும்புக்கு நாலு ஆக்ஸிஜன். காந்தத்தில் ஒட்டும்.

அங்கே ஊர்க்காரர்கள் காலம் காலமாக அதை உருக்கிக்கொண்டிருந்தார்கள். ஆள் உயரம்கூட இல்லாத மண் உலை, ஆட்டுத்தோல் துருத்தி, மரக்கரி. அவ்வளவுதான் முதலீடு. கரிக்கும் இரும்புக்கும் ஒரு வேடிக்கையான போட்டி உண்டு. சாதாரண சூட்டில் கரியால் இரும்பை மீட்க முடியாது. கார்பன் ஆக்ஸிஜனோடு சேர்ந்து கரியமில வாயு ஆனாலும், 16 கிராம் ஆக்ஸிஜனுக்கு 200 கிலோஜூலைத் தொடாது. இரும்பின் கடன் 275. கையில் இருப்பதைவிடக் கடன் அதிகம். ஆனால் சூடு ஏற ஏற ஆட்டம் மாறுகிறது. கார்பனின் ஆக்ஸைடு வாயு அல்லவா? அவிழ்த்துவிட்ட கன்று மாதிரி அது பரவி ஓடத் துடிக்கும். சூடு கூடினால் அந்தத் துடிப்பும் கூடும், அந்த அளவுக்குக் கரியின் கை ஓங்கும். சுமார் 700 டிகிரிக்கு மேலே கரி ஜெயித்துவிடுகிறது. மாங்கனீஸை மீட்க வேண்டுமானால் சுமார் 1,400 டிகிரி. அலுமினியத்துக்கு 2,000 டிகிரியையும் தாண்ட வேண்டும். எந்தக் கொல்லன் துருத்தியாலும் முடியாது. அதனால்தான் இரும்பு யுகம் மூவாயிரம் வருடத்துக்கு முன்னாலேயே வந்தது. அலுமினியம் மலிவாகக் கிடைக்க 1886-ல் மின்சாரத்தால் பிரிக்கும் முறை வரவேண்டியிருந்தது.

இந்தச் சூட்டுக் கணக்கை எல்லிங்ஹாம் என்ற இங்கிலாந்துக்காரர் 1944-ல் வரைபடமாகப் போட்டார். பிளஸ் டூ பிள்ளைகள் இன்றைக்கும் அதைப் பார்த்துத்தான் விழிக்கிறார்கள். சேலத்துக்காரர்கள் வரைபடம் பார்க்கவில்லை. நெருப்பின் நிறத்தைப் பார்த்தார்கள்.

இரும்பு மட்டுமில்லை, உருக்கும் செய்தார்கள். ஹீத் அதைப் பக்கத்தில் இருந்து பார்த்து, 1830களின் கடைசியில் லண்டன் ராயல் ஏஷியாட்டிக் சொசைட்டியின் இதழில் எழுதினார். உமி கலந்த களிமண்ணில் சின்ன மூசை. உள்ளே இரும்புத் துண்டுகள், ஆவாரம் சுள்ளி, மேலே எருக்கிலை. வாயைக் களிமண்ணால் அடைத்து இரண்டரை மணி நேரம் போல உலையில் வைத்தால் உருக்குக்கட்டி தயார். சுள்ளியும் இலையும் கரியாகி, அந்தக் கார்பன் இரும்புக்குள் போகிறது. எகிப்தியர்கள் கருங்கல் தூண்களில் எழுத்துச் செதுக்கிய உளிகூட இந்திய உருக்காகத்தான் இருக்க வேண்டும் என்று அதே கட்டுரையில் ஹீத் ஒரு போடு போட்டார். ஆள் எந்த அளவுக்கு மயங்கிப்போயிருந்தார் என்பது தெரிகிறதா?

ஒன்றைக் கவனியுங்கள். கார்பனைத் தனியாகத் தயாரித்து மூசையில் போடவில்லை. சுள்ளியை அப்படியே போட்டார்கள். வேலை உள்ளே நடந்தது. இந்தச் சின்ன விஷயம் பின்னால் லண்டனில் வரப்போகிறது.

*

மயங்கியவர் சும்மா இருக்கவில்லை. வேலையை விட்டுவிட்டு, ஐரோப்பிய முறையில் இரும்பு உருக்கத் தனக்கு மட்டுமே உரிமை வேண்டும் என்று அரசாங்கத்திடம் கேட்டு வாங்கினார். 1830-ல் கடலோரத்தில், பரங்கிப்பேட்டையில் உலை எழுந்தது. அப்போதைய பெயர் போர்ட்டோ நோவோ. சேலத்துக் கல் வெள்ளாற்றில் பரிசல்களில் மிதந்து வந்தது. உருக்கிய இரும்பு கப்பலேறி இங்கிலாந்து போனது. வேல்ஸில் 1850-ல் திறந்த பிரிட்டானியா பாலத்தில் பரங்கிப்பேட்டை இரும்பும் உண்டு என்று பழைய கெசட்டியர்கள் பெருமையாக எழுதி வைத்திருக்கின்றன.

இரும்பு நல்ல இரும்புதான். கணக்குதான் உதைத்தது.

காகிதத்தில் பார்த்தால் ஒரு டன் இரும்பை மேக்னடைட்டிலிருந்து மீட்க, ஆக்ஸிஜனைக் கழற்றுவதற்கு மட்டும், சுமார் 145 கிலோ கார்பன் போதும். எந்த கம்பெனியின் பட்ஜெட்டும் காகிதத்தில் அழகாகத்தான் இருக்கும்! நிஜத்தில் உலையைச் சூடாக்க வேண்டும். கல்லை, கசடை, காற்றை எல்லாம் சூடாக்க வேண்டும். இரும்பைத் தண்ணீர் மாதிரி ஓடவிட வேண்டும். பழைய மரக்கரி உலைகளில் ஒரு டன் இரும்புக்கு ஒரு டன்னுக்கும் மேலே, பல சமயம் இரண்டு மூன்று டன் கரி போகும். ஒரு டன் கரிக்கு நாலைந்து டன் மரம் வெட்ட வேண்டும். அதாவது, ஒரு வண்டி இரும்புக்கு ஒரு தோப்பு.

சேலத்து மண் உலை, சுற்றியிருந்த புதரையும் சுள்ளியையும் வைத்துக் காலம் தள்ளியது. காடு வளர்கிற வேகத்துக்கு அது சாப்பிட்டது. பரங்கிப்பேட்டை உலையின் பசி வேறு. பக்கத்துக் காடு தீர்ந்ததும் தூரத்துக் காடு. அதற்கு மாட்டு வண்டி, வாடகை. கரியின் விலை ஏற ஏற இரும்பின் லாபம் கரைந்தது. அதே நேரம் இங்கிலாந்து மரக்கரியை விட்டு நிலக்கரிக்கு மாறி, மலிவு விலையில் இரும்பைக் கொட்டிக்கொண்டிருந்தது.

1853-ல் ஈஸ்ட் இந்தியா அயர்ன் கம்பெனி என்று புதுப் பெயர், புது முதலீடு. தென்னாற்காட்டிலேயே திருவண்ணாமலைப் பக்கம் ஒரு உலை, காவிரிக் கரையில் ஒரு உலை. எதுவும் நிலைக்கவில்லை. 1860களில் பரங்கிப்பேட்டை உலை ஓய்ந்துவிட்டது. பெயர் மாற்றினால் கடன் தீராது என்பது கம்பெனிகளுக்கு எப்போதுமே தாமதமாகத்தான் புரிகிறது.

ஹீத் மட்டும் அதற்கு ரொம்ப முன்னாலேயே இங்கிலாந்துக்குப் போய்விட்டார். கையில் பணமில்லை. தலையில் ஒரு யோசனை இருந்தது.

*

ஷெஃபீல்டு. உலகத்தின் கத்தி, கத்தரி, ரம்பம் எல்லாம் அங்கேதான். அவர்களும் மூசையில்தான் உருக்கு செய்தார்கள். நல்ல உருக்குக்கு ஸ்வீடன் இரும்பு வேண்டும். அது விலை அதிகம். உள்ளூர் இரும்பில் செய்தால் சம்மட்டி அடியில் வெடித்துப் போகும், ஒட்டு நிற்காது.

காரணம், உருகிய இரும்புக்குள் ஒளிந்திருக்கும் ஆக்ஸிஜனும் கந்தகமும். என்னதான் மீட்டாலும் பாக்கி வட்டி மாதிரி கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். 1839-ல் ஹீத் ஒரு பேட்டண்ட் எடுத்தார். மூசையில் இருக்கும் எடையில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்கு வரை மாங்கனீஸ் கார்பைடு போடுங்கள். அவ்வளவுதான்.

இப்போது அந்த இரண்டு எண்களை எடுங்கள். இரும்பு 275, மாங்கனீஸ் 385. இரும்பிடம் இருக்கும் ஆக்ஸிஜனுக்கு மாங்கனீஸ் 110 கிலோஜூல் கூடுதலாக ஏலம் கேட்கிறது. ஆக்ஸிஜன் கட்சி மாறி, மாங்கனீஸ் ஆக்ஸைடாகிக் கசடோடு மேலே மிதக்கிறது. கந்தகத்தையும் மாங்கனீஸ் கட்டிப்போட்டுவிடும். மிச்சம், சுத்தமான உருக்கு.

இந்த எண்கள் எதுவும் ஹீத்துக்குத் தெரியாது. ஆனால் வேலை செய்தது. மலிவான இரும்பில் நல்ல உருக்கு வந்தது. ஷெஃபீல்டில் உருக்கின் விலை இறங்கியது. ஊரே லாபம் பார்த்தது.

ஹீத்தைத் தவிர.

மாங்கனீஸ் கார்பைடை எப்படிச் செய்வது? மாங்கனீஸ் ஆக்ஸைடையும் கரியையும் சேர்த்துத் தனி உலையில் சூடாக்க வேண்டும். கரி, ஆக்ஸிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். அதற்கு ஒரு செலவு. அப்புறம்தான் ஒரு விஷயம் புலப்பட்டது. அந்தத் தனி உலையே வேண்டாம்! ஆக்ஸைடையும் தாரையும் நேராக உருக்கு மூசைக்குள் போட்டுவிட்டால் போதும். 1,400 டிகிரிக்கு மேலே இருக்கும் அந்தச் சூட்டில் கார்பைடு உள்ளேயே உண்டாகி, உள்ளேயே வேலையை முடித்துவிடும். ஆவாரம் சுள்ளியைச் சேலத்துக்காரர்கள் அப்படியே மூசையில் போட்ட அதே தர்க்கம்.

ஷெஃபீல்டில் ஹீத்தின் ஏஜெண்டாக இருந்தவர் அன்வின். அவர் இப்படி நேராகப் போட்டு உருக்கு செய்ய ஆரம்பித்தார். ராயல்டி கேட்டால், 'பேட்டண்ட்டில் இருப்பது மாங்கனீஸ் கார்பைடு. நான் போடுவது மாங்கனீஸ் ஆக்ஸைடு. எங்கே இருக்கிறது உங்கள் கார்பைடு?' என்பதுதான் அவர் தரப்பு வாதம்.

வழக்கு, ஹீத் எதிர் அன்வின். கேள்வி எவ்வளவு எளிமையானது பாருங்கள்! மூசைக்குள், கண்ணுக்குத் தெரியாமல், சில நிமிடம் மட்டும் உருவாகி மறையும் ஒரு பொருளுக்கு யார் சொந்தக்காரர்? வெளியே செய்து உள்ளே போட்டால் திருட்டு. உள்ளேயே செய்துகொண்டால்?

கோர்ட்டுக்குக் கோர்ட் தீர்ப்பு மாறியது. வருடங்கள் ஓடின, வக்கீல் பீஸ் ஓடியது. கடைசியாக 1855-ல் பிரபுக்கள் சபை சொன்னது, இது பேட்டண்ட்டை மீறியதாகாது. பேட்டண்ட் எழுதியபோது இந்த வழி ஹீத்துக்கே தெரிந்திருக்கவில்லை. அதனால் அது அவருக்குச் சேராது.

அந்தத் தீர்ப்பைக் கேட்க ஹீத் இல்லை. 1851-லேயே, ஒன்றுமில்லாதவராக இறந்துபோயிருந்தார்.

அதற்கடுத்த வருடம், 1856-ல், பெஸ்ஸமர் உருகிய இரும்புக்குள் காற்றை ஊதி உருக்கு செய்யும் முறையை அறிவித்தார். உலகமே ஆடிப்போனது. ஆனால் ஆக்ஸிஜன் அதிகமாகி உருக்கு உடைந்தது. மருந்து? மாங்கனீஸ் உள்ள இரும்பைச் சேர்ப்பது. ராபர்ட் முஷெட் அந்த வழியைக் காட்டினார். இன்றைக்கு உங்கள் வீட்டுக் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி உட்பட, மாங்கனீஸ் இல்லாத உருக்கைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

*

ஹீத் பாவம்தான். சந்தேகமில்லை. ஆனால் கணக்குப் படித்தவனுக்கு இன்னொரு பேரேடும் கண்ணில் படுகிறது.

தன் அறிவை அடுத்தவர் காசு கொடுக்காமல் எடுத்துக்கொண்டார்கள் என்று வழக்குப் போட்டவர், உருக்கைப் பற்றி எழுதிய கட்டுரையில் இருந்தது யாருடைய அறிவு? மூசையும் ஆவாரம் சுள்ளியும் எருக்கிலையும் சேலத்துக்காரர்களுடையவை. அவர்களில் ஒருவர் பெயர்கூட எந்தப் பேட்டண்ட்டிலும் இல்லை. அவர்கள் எந்தக் கோர்ட்டுக்கும் போகவில்லை. கப்பலில் வந்த மலிவு இரும்பும், வெட்டத் தடை வந்த காடும் சேர்ந்து அந்த மண் உலைகளை ஒவ்வொன்றாக அணைத்தன. அந்தக் கணக்கில் வரவு வைக்க யாரும் வரவேயில்லை.

காடும் அப்படித்தான். ஆக்ஸிஜனிடமிருந்து இரும்பை மீட்க யாராவது பணம் கட்டியே தீர வேண்டும். பரங்கிப்பேட்டையில் மரம் கட்டியது. இங்கிலாந்தில் நிலக்கரி கட்டியது. இப்போது நம் எல்லோருடைய காற்றும் கட்டிக்கொண்டிருக்கிறது. உலகம் வெளியேவிடும் கரியமில வாயுவில் ஏழெட்டு சதவிகிதம் இரும்பு உருக்குத் தொழிலிலிருந்து போகிறது என்கிறார்கள். கழற்றிய ஆக்ஸிஜனை எங்கேயாவது போட்டாக வேண்டுமே! கார்பனுக்குப் பதில் ஹைட்ரஜனிடம் கொடுத்தால் வெறும் நீராவி. 2021-ல் ஸ்வீடனில் அந்த முறையில் உருக்கு செய்து ஒரு வண்டிக் கம்பெனிக்குக் கொடுத்தும் விட்டார்கள். ஆனால் ஹைட்ரஜனை எடுப்பதும் தண்ணீர் என்ற ஆக்ஸைடிலிருந்துதான். அதற்கு மின்சாரம் வேண்டும். கடன் தீரவில்லை. கடன்காரர் மாறியிருக்கிறார்.

நம் பக்கத்திலும் இந்தக் கணக்கு முடியவில்லை. மேல்மலையனூரிலிருந்து கிளம்பினால் திருவண்ணாமலை தூரமில்லை. அதன் அருகே கவுத்திமலை, வேடியப்பன்மலை. காப்புக்காடு. உள்ளே இரும்புத்தாது. 2000களில் அதை வெட்டி எடுக்கத் திட்டம் வந்தது. சுற்றுவட்டாரக் கிராமங்கள் விடவில்லை. பரங்கிப்பேட்டையில் காடு உலைக்குள் போனது. இங்கே உலை வருமுன்பே காடு போய்விடும். மலை இன்னும் மலையாகவே நிற்கிறது. ஆக்ஸைடு ஆக்ஸைடாகவே இருக்கட்டும் என்று ஒரு ஊர் முடிவெடுப்பதும் ஒரு கணக்குதான்.

ஆக்ஸைடு என்றாலே வில்லன் என்று நினைத்துவிடாதீர்கள். 1913-ல் அதே ஷெஃபீல்டில் ஹாரி ப்ரியர்லி என்பவர் இரும்போடு குரோமியத்தைச் சேர்த்துப் பார்த்தார். குரோமியமும் மாங்கனீஸ் மாதிரி, 16 கிராம் ஆக்ஸிஜனுக்கு 380 கிலோஜூல் ஆசாமி. இரும்பை முந்திக்கொண்டு ஆக்ஸிஜனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாக மேலே படிந்துவிடும். துரு என்பது உதிர்கிற ஆக்ஸைடு. உதிர உதிர உள்ளே தின்னும். இது ஒட்டிக்கொள்கிற ஆக்ஸைடு, காவல்காரன். தமிழன் அதற்கு எவர்சில்வர் என்று பெயர் வைத்துக் கல்யாணச் சீர்வரிசையில் சேர்த்துவிட்டான்.

1980களின் தொடக்கத்தில், சேலம் உருக்காலையில் துருப்பிடிக்காத உருக்குத் தகடு உருட்ட ஆரம்பித்தார்கள். கஞ்சமலை பக்கத்திலேயே நிற்கிறது. ஆனால் அங்கே உருட்டியது அந்த மலையின் இரும்பை அல்ல. ஹீத் விட்ட இடத்துக்கு உருக்கு திரும்பி வந்தது. மலைக்குள் இருக்கும் இரும்பு மட்டும் இன்னும் அடகிலேயே இருக்கிறது.

*

போன மாதம் மறுபடி மேல்மலையனூர் போயிருந்தோம். கோயில் பக்கத்தில் ஒரு இரும்புச் சூலம், முனையில் எலுமிச்சம்பழம் குத்தியிருந்தது. பழத்தை எடுத்துவிட்டுப் புதுசு குத்தினார் ஒரு பெரியவர். பழைய பழம் இருந்த இடத்தில் மட்டும் இரும்பு கொஞ்சம் வெளுத்து, மற்ற இடமெல்லாம் செம்பழுப்பாக இருந்தது.

"எலுமிச்சை ஆசிட், துருவைக் கரைச்சிடுச்சுப்பா" என்றாள் மகள்.

"அப்போ மீட்டாச்சா?" என்றேன்.

"இல்லப்பா. கரைச்சா வெறுமே இடம் மாறும். மீட்கணும்னா யாராவது ஆக்ஸிஜனை வாங்கிக்கணும். சும்மா யார் வாங்குவா?"

பிளஸ் டூவில் இந்த ஒரு வரியை எனக்கு யாராவது சொல்லியிருந்தால், நான் பி.காம். பக்கமே போயிருக்க மாட்டேன் என்று அவளிடம் சொன்னேன்.

"இது பி.காம். கணக்குதானேப்பா" என்றாள்.